இடம் வைத்திருக்கச் சொன்னவர்

அவருடைய பெயர் ஆஷா இல்லை. வீடு வீடாகப் போய் நோய் விசாரிக்க அரசாங்கம் அமர்த்திய பெண்களை ஆஷா பணியாளர்கள் என்பார்கள். மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் அந்த வேலையின் பெயரே அவருக்குப் பெயராகிவிட்டது. குழந்தைகளுக்கு ஆஷாம்மா, எனக்கு ஆஷாக்கா. அவருடைய சொந்தப் பெயரை நான் ஒரே ஒரு தடவைதான் எழுதியிருக்கிறேன். அது ஒரு புகார்க் கடிதத்தில். அதனால் இங்கே எழுதப் போவதில்லை.

ஐம்பதைத் தாண்டியவர், குள்ளம், நடை மட்டும் வேகம். மழையும் வெயிலும் இல்லாத நாளிலும் கையில் ஒரு கறுப்புக் குடை இருக்கும். அது நாய்களுக்காக. எந்த வியாதி வீட்டுக்கும் தயங்காமல் போகிறவர், தெருமுனையில் ஒரு நாய்க்குட்டி படுத்திருந்தால் சுற்றிக்கொண்டு அடுத்த சந்து வழியாக வருவார். ரகசியம் பேச வராது. ஒரு வீட்டில் என்ன வயிற்றுப்போக்கு என்பது அவர் போனில் பேசிக்கொண்டே நடக்கையில் நாலு வீட்டுக்குத் தெரிந்துவிடும். அதற்காகச் சிலர் அவரைத் திட்டியதும் உண்டு. திட்டு வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் அதே வீட்டு கேட்டைக் குடைக்கம்பியால் தட்டுவார்.

வாசலில் நின்றபடி இரண்டு கேள்வி கேட்பார். பனி உண்டா, பணி உண்டா. மலையாளத்தில் காய்ச்சலுக்குப் பனி என்று பெயர். எங்கள் தமிழ் வீடுகளிலும் அப்படித்தான் சொல்லிப் பழக்கம். வேலைக்குப் பணி. பழக்கமில்லாதவர்களுக்கு அவர் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்பது போலிருக்கும். காய்ச்சல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தால் போதாதா என்று ஒருமுறை சுகாதார ஆய்வாளர் அவரிடம் கேட்டாராம். அதற்குத் தான் சொன்ன பதிலை ஆஷாக்காவே பல பேரிடம் சொல்லியிருக்கிறார்.

"பணி என்னன்னு தெரியாம பனி இருக்கான்னு கேட்டா, இல்லேன்னுதான் சார் சொல்வாங்க."

கொரோனா வருவதற்கு முன்பே அவர் இப்படித்தான். டெங்கு வந்த ஒரு மழைக்காலத்தில் எங்கள் முனையிலிருந்த சாயாக்கடைக்காரருக்குக் கடும் காய்ச்சல். எழுந்து நிற்க முடியாமல் சாயா ஆற்றிக்கொண்டிருந்தார். கடையின் பின்னால் தண்ணீர் பிடித்துவைக்கும் பீப்பாய்களில் கொசுப்புழு நெளிந்தது. கடையை மூடச் சொல்லி எழுதிவைத்திருந்தால் அன்றோடு ஆஷாக்காவின் வேலை முடிந்திருக்கும். அவர் பீப்பாய்களைக் கவிழ்க்க வைத்தார். கடைக்காரரைக் கொசுவலைக்குள் படுக்கச் சொல்லி மாடிக்கு அனுப்பினார். பள்ளுருத்தியிலிருந்து கடைக்காரரின் மச்சானைப் போன் போட்டு வரவழைத்து அடுப்பின் முன்னால் நிற்க வைத்துவிட்டுத்தான் சந்தைவிட்டுப் போனார். மச்சான் போட்ட சாயா வாயில் வைக்கச் சகிக்காது. எட்டு நாள் அதைத்தான் எல்லாரும் குடித்தோம். ஒன்பதாம் நாள் கடைக்காரர் எழுந்து வந்தபோது கடை இருந்தது.

கொரோனாவின் முதல் வருடம் அவர் அந்த வேலையை என் பொருட்டும் செய்தார்.

நான் யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுன் பக்கம் ஒரு மலைச்சரக்குக் குடோனில் மேனேஜர். சுக்கும் மிளகும் மலையிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் புடைத்து, சொத்தையை நீக்கி, தரம் பிரிப்பார்கள். பிறகு கன்டெய்னரில் ஏற்றுமதி. என் அப்பா நகரசபையில் துப்புரவுப் பணியாளராக இருந்தவர். எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான்தான். அந்த நாற்காலியின் மேல் எனக்கு எவ்வளவு பற்று என்பதை இந்தக் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

முதல் ஊரடங்கு முடிந்து குடோன் திறந்த இரண்டாவது வாரம் என் மனைவிக்குக் காய்ச்சல். மூன்று மாதம் பூட்டிக் கிடந்த இடம் அது. முதலாளி ஆட்களைக் குறைக்கப்போகிறார் என்று பேச்சு அடிபட்ட நேரம். மனைவிக்குச் சாதாரணச் சளிதான் என்று சொல்லிவிட்டு நான் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வாசலில் ஆஷாக்கா நின்றார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. பனியைப் பற்றிக் கேட்கவே இல்லை. குடோன் முதலாளி எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டார். என்னை வீட்டுக்குள் திரும்பிப் போகச் சொல்லிவிட்டு நேராக அங்கே நடந்தார். அவரிடம் என்ன பேசினார் என்று தெரியாது. பதினொரு மணிக்கு முதலாளியே போன் செய்தார். பதினான்கு நாள் வீட்டிலேயே இருக்கும்படியும், தன் மகன் கணக்கைப் பார்த்துக்கொள்வான் என்றும், என் நாற்காலி எங்கேயும் போகாது என்றும் சொன்னார். சோதனையில் எனக்கும் மனைவிக்கும் கொரோனா என்று வந்தது. அந்தப் பதினான்கு நாளும் பாலும் அரிசியும் மருந்தும் வாசலுக்கு வந்தன. பதினைந்தாம் நாள் நான் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அடுத்த வருடம் இரண்டாவது அலை வந்தது. ஏற்றுமதி அத்தியாவசியம் என்பதால் கட்டுப்பாடுகளோடு குடோனைத் திறந்து வைக்கலாம் என்றார்கள். அந்தக் கட்டுப்பாடுகள் என்னென்ன என்று எழுதிய தாளைச் சுவரில் ஒட்டியிருந்தோம். யாரும் அதைப் படித்ததில்லை. ஆஷாக்கா வந்து தாளைப் பார்க்காமல் கூடத்தைப் பார்த்தார். இருபது பெண்கள் முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். காயல் பக்கத்து ஜன்னல்கள் ஐந்தும் மூடியிருந்தன. காயல் காற்றில் ஈரம் உண்டு. ஈரம் பட்டால் சுக்கில் பூசணம் பிடிக்கும் என்று எந்தக் காலத்திலும் அந்த ஜன்னல்களை நாங்கள் திறந்ததில்லை. உள்ளே சுக்குத் தூசி மிதந்தது. எல்லாரும் எப்போதும் இருமிக்கொண்டிருப்பார்கள் என்பதால் இருமலை வைத்து யாரையும் ஒன்றும் சொல்ல முடியாது.

அவர் மூடச் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பெண்களும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்; புடைக்கும் சத்தம் நின்றுவிட்டது. முந்தின வருடம் மூன்று மாதம் ரேஷன் கடையில் கொடுத்த இலவச மளிகைப் பையை வைத்துக் குடும்பம் நடத்தியவர்கள் அவர்கள். தினமும் காலையில் யாராவது இரண்டு பேர் வந்து பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுப் போவார்கள் என்று காவல்காரர் சொல்லியிருக்கிறார்.

ஆஷாக்கா ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசினோம். ஜன்னல்களைத் திறக்க வேண்டும், பிரித்த சரக்கை உடனுக்குடன் உள் அறைக்கு மாற்றினால் ஈரம் ஏறாது என்றார். அது எனக்குத் தோன்றியதே இல்லை. காலையில் பத்துப் பேர், மதியம் பத்துப் பேர் என்று பிரித்தார். எந்த எந்த வீட்டில் கைக்குழந்தை, யாருக்கு மதியம் வசதி என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கடைசியாக ஒன்று சொன்னார். காய்ச்சல் என்று சொல்கிறவளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அவள் திரும்பி வரும்வரை அவள் இடத்தில் வேறு ஆளை உட்கார வைக்கக் கூடாது.

நான் சரி என்று தலையசைத்தேன்.

"எங்கிட்டச் சொல்லாதீங்க தம்பி. அவங்க கேக்கச் சொல்லுங்க."

எழுந்து நின்று சொன்னேன். காய்ச்சல் வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், உங்கள் இடம் அப்படியே இருக்கும், நான் பொறுப்பு என்றேன். பின்வரிசையில் இருந்த ராஜம்மா, அங்கே இருபது வருடமாக வேலை செய்கிறவர், இது நிஜம்தானா என்று சத்தமாகவே கேட்டார்.

"உள்ளதாணோ சாரே?"

"உள்ளதுதான்" என்றேன்.

அது வேலை செய்தது. முதல் மாதத்தில் மூன்று பெண்கள் காலையில் கேட்டில் நின்றே காய்ச்சல் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். மூன்று இடங்களும் காலியாகக் கிடந்தன, முறம் கவிழ்த்து வைத்தபடி. மூன்று பேரும் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார்கள். சுற்றிலும் ஒவ்வொரு குடோனாக மூடிக்கொண்டிருந்தபோது எங்களுடையது ஓடியது. முதலாளி என்னைப் பாராட்டினார். நான் ஆஷாக்காவைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

நான்காவது செல்வி. முப்பது வயது இருக்கும், கை வேகம். அவள் காய்ச்சல் என்று சொன்ன அன்றுதான் ஒரு பெரிய ஆர்டர் உறுதியானது. ஆறு வாரத்தில் கன்டெய்னர் ஏற வேண்டும். முதலாளி சொன்னதால்தான் செய்தேன் என்று பல வருடம் எனக்கே நான் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் சொன்னது கப்பல் நமக்காகக் காத்திருக்காது என்று மட்டும்தான். செல்வியின் முறத்தை நிமிர்த்தி, தோப்பும்படியிலிருந்து வந்து வேலை கேட்டு நின்ற ஒருத்தியை அங்கே உட்காரச் சொன்னவன் நான். இரண்டு வாரத்துக்குத்தானே என்று நினைத்தேன்.

வந்தவள் செல்வியைவிட வேகமாக இருந்தாள்.

பதினைந்தாம் நாள் செல்வி நோய் இல்லை என்ற சான்றோடு வந்தாள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். அவள் சண்டை போடவில்லை. கேட்டுக்கு உள்ளே இரண்டடி வந்து தன் இடத்தை எட்டிப் பார்த்தாள். பெண்கள் யாரும் தலை நிமிரவில்லை. அன்று அந்தக் கூடத்தில் புடைக்கும் சத்தம் வழக்கத்தைவிட அதிகமாகக் கேட்டது. மூன்றாவது வாரம் அவள் வரவில்லை. இடப்பள்ளியில் ஏதோ பெரிய கடையில் தரை துடைக்கும் வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் குடோனில் யாருக்கும் காய்ச்சலே வரவில்லை.

ஆஷாக்கா வழக்கம்போல் வாரம் ஒருமுறை வந்து பார்த்தார். ஜன்னல்கள் திறந்திருந்தன. ஆட்கள் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார்கள். செல்வி எங்கே என்று கேட்டார். இடப்பள்ளியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள் என்றேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவர் சந்தோஷப்பட்டார். இந்த நேரத்தில் வேலை மாறிப் போகும் அளவுக்கு ஒருத்திக்குத் துணிச்சல் வந்ததே என்றார். பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவராவது வாயைத் திறப்பார்கள் என்று பயந்து நின்றேன். யாரும் திறக்கவில்லை. அவர்களும் என்னைப் பார்த்துத்தான் பயந்தார்கள் என்பது அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது.

கன்டெய்னர் ஏற மூன்று நாள் இருக்கையில் ராஜம்மாவைப் பார்த்தேன். கேட்டில் நெற்றிக்கு நேரே கருவியைக் காட்டிக் காய்ச்சல் பார்ப்போம். அந்த வரிசைக்கு வருவதற்கு முன்பு தண்ணீர்ப் பானையின் பக்கம் திரும்பி நின்று ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார். கண் சிவந்திருந்தது. திரும்பியபோது நான் பார்த்ததைப் பார்த்துவிட்டார். மாத்திரை அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு அப்படியே நின்றார், நான் ஏதாவது சொல்வேன் என்பது போல.

நான் பதிவேட்டைக் குனிந்து பார்த்தேன். கருவி காய்ச்சல் இல்லை என்று காட்டியது. எழுதிக்கொண்டேன். மூன்று நாளும் அப்படியே எழுதினேன்.

சரக்கு போன மறுநாள் ராஜம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். உடலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. இதற்குள் கூடத்திலிருந்த பெண்களில் பதினொரு பேருக்கும், அவர்கள் வீடுகளில் பலருக்கும் வந்துவிட்டது. சந்தின் இரண்டு முனையிலும் கழி கட்டி அடைத்தார்கள். சாயாக்கடை, பழம்பொருள் கடைகள், சுமைதூக்குகிறவர்கள், எங்களோடு சம்பந்தமே இல்லாத எல்லாருடைய பிழைப்பும் ஒரே நாளில் நின்றது. குடோனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நான் செய்தது ஒரு தெருவையே மூடிவிட்டது.

தெருவுக்குக் கோபம் வந்தது. யார் திறக்க அனுமதித்தது என்று கேட்டார்கள். முதலாளி கடைக்காரர்களோடு போனில் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டு சுகாதாரத் துறைக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். அதிகாரம் இல்லாத ஒரு பெண் எங்களிடம் வந்து, இப்படி இப்படிச் செய்தால் திறந்து வைக்கலாம் என்று சொன்னதை நம்பினோம். வாரா வாரம் வந்தும் நோயைக் கண்டுபிடிக்கவில்லை. இதுதான் சாரம். நான் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். ஆஷாக்காவின் முழுப்பெயரை யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு முதல் வரியில் எழுதினேன். இரண்டு இடத்தில் வாக்கியம் சரியாக வரவில்லை என்று திருத்தி, மறுபடி சுத்தமாக ஒரு படி எடுத்தேன். அந்தக் கவனத்தை நினைத்தால்தான் இன்றும் அதிகமாகக் கூசுகிறது.

கழிகளை அவிழ்த்த பிறகு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். சின்ன அறை. அதிகாரி மேசைக்குப் பின்னால். ஆஷாக்காவும் நானும் தள்ளித் தள்ளி இரண்டு நாற்காலியில் முகக்கவசத்தோடு. அதிகாரி நல்ல மனிதர்தான். கடிதத்தைப் படித்துக் காட்டி, மூட வேண்டிய இடத்தை ஏன் திறக்கச் சொன்னீர்கள் என்று அவரைக் கேட்டார். ஆஷாக்கா எதையும் மறுக்கவில்லை.

"திறந்து வைக்கலாம்னு சொன்னது ஞான்தான் சார். மூடியிருந்தா அந்தப் பொண்ணுங்க வேற எங்கயாச்சும் போயி மறைஞ்சு வேல செஞ்சிருப்பாங்க. இங்கன்னா பனி வந்தா சொல்லுவாங்க, இடம் போவாதுன்னு தெரியும். அத நம்பித்தான் சொன்னேன்."

பிறகு ஏன் ராஜம்மா சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டார். ஆஷாக்கா அந்த வாரங்களில் இதைத்தான் திரும்பத் திரும்ப யோசித்திருக்க வேண்டும். என் பக்கம் திரும்பினார். குற்றம் சாட்டும் பார்வை இல்லை அது. ஒரு கணக்கு எங்கே தப்பியது என்று கூடவே உட்கார்ந்து பார்ப்பவரிடம் கேட்பது போலக் கேட்டார்.

"தம்பி, இடம் வெச்சிருந்தீங்க அல்லே?"

மேசை மேல் என் கையெழுத்தில் கடிதம் இருந்தது. செல்வியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் என் நாற்காலி போகும். அந்த அறையில் அப்போது எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

"வெச்சிருந்தேங்க்கா" என்றேன்.

அவர் மெல்லத் தலையாட்டினார். பிறகு அதிகாரியிடம், அப்படியானால் தான் நினைத்ததுதான் தப்பு, எழுதிக்கொள்ளுங்கள் என்றார். இனி இப்படி யோசனைகள் சொல்லக் கூடாது என்று எச்சரித்து அனுப்பினார்கள். வேலையிலிருந்து நீக்கவில்லை. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லையே என்று மனைவியிடம் சொன்னேன். கடிதத்தைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.

ஆனால் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவர் எங்கள் சந்துக்கு வந்தபோது பனி உண்டா என்று மட்டும் கேட்டார். உண்டு என்றால் குறித்துக்கொண்டு, வாசலில் ஒட்ட வேண்டியதை ஒட்டிவிட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்துவிட்டுப் போனார். வீட்டில் அரிசி இருக்கிறதா, யாரிடம் வேலை, சொல்லிவிட வேண்டுமா என்றெல்லாம் கேட்பதை நிறுத்திவிட்டார். குடோன் பெண்கள் வழியில் பார்த்துச் சிரித்தால் பார்க்காதது போலப் போவார். அவர் வேகமாக மாறியது போலவே தெருவும் மாறியது. அவர் தலை தெரிந்தால் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள். காய்ச்சல்காரர்கள் கொல்லைப்புற வழியாக வேலைக்குப் போனார்கள். ஒரு வருடம் கழித்து அவர் அந்த வேலையை விட்டுவிட்டு திருப்பூணித்துறையில் மகள் வீட்டோடு போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

நான் அதே நாற்காலியில்தான் இருந்தேன். இருக்கிறேன்.

போன ஆவணி மாதம் வைட்டிலா பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். காலை பத்து மணி இருக்கும். திருப்பூணித்துறை பஸ்ஸுக்காக ஒரு தூணருகே நின்றார். நன்றாக மெலிந்திருந்தார். கையில் ஆஸ்பத்திரி ஃபைல், கண் பரிசோதனைக்கு வந்தாராம். முகக்கவசம் இல்லாமல் அவர் முகத்தைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று தோன்றியது. என்னை அடையாளம் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. மனைவி எப்படி இருக்கிறாள், மகன் என்ன படிக்கிறான் என்று விசாரித்தார். புகார் எழுதியது முதலாளியின் நிர்ப்பந்தம், உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை என்று அவராகவே சொன்னார்.

அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் விசாரித்துவிட்டு நகர்ந்திருப்பேன். எனக்குள் என்ன நடந்தது என்று தெரியவில்லை. நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன். செல்வியின் இடத்தைக் கொடுத்துவிட்டதை, கேட்டில் அவளை இரண்டு தடவை அலைய வைத்ததை, ராஜம்மா மாத்திரை போட்டதைப் பார்த்துக்கொண்டிருந்ததை, அந்த அறையில் சொன்ன பொய்யை. சுற்றிலும் கண்டக்டர்கள் ஊர் பெயர்களைக் கத்திக்கொண்டிருந்தார்கள். அதனால் சில இடங்களில் குரலை உயர்த்திச் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"அப்ப ராஜம்மா என்னை ஏமாத்தல" என்றார்.

இல்லை என்றேன்.

"செத்தவள நாலு வருஷமா திட்டிட்டிருக்கேன் தம்பி. எடமும் வெச்சு, சொல்லவும் சொல்லி, எல்லாம் செஞ்சும் என்னைக் கொன்னுட்டாளேன்னு. அவ மக ஒரு சான்று கேட்டு என் வீட்டுக்கு வந்தா. உள்ள கூப்பிடல. வெயில்ல நிக்க வெச்சுப் பேசி அனுப்பினேன்."

அவர் குரல் உடையவில்லை. எதையோ கணக்குப் போடுவது போல விரல்கள் ஃபைலின் மேல் அசைந்தன. எந்த எந்த வாசலில் கேட்காமல் திரும்பினார் என்று எண்ணுகிறாரோ என்று நினைத்தேன். கேட்கத் துணிச்சல் வரவில்லை. திருப்பூணித்துறை பஸ் வந்து நின்றது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. ராஜம்மாவின் மகள் இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறாளா என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன். எங்கள் வீட்டிலிருந்து நாலாவது சந்து.

"நீங்க போயி பாத்தீங்களா?"

பார்க்கவில்லை.

அவர் வேறு ஒன்றும் கேட்காமல் மட்டாஞ்சேரி பஸ் நிற்கும் பக்கம் நடந்தார். பழைய வேகம் இல்லை. படியில் கம்பியைப் பிடித்து ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, ஃபைலை மடியில் வைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பவில்லை.

எனக்கும் அந்த பஸ்தான். குடோனுக்கு ஏற்கெனவே நேரமாகிவிட்டிருந்தது. அவர் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது வெளியிலிருந்து நன்றாகத் தெரிந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்து மட்டாஞ்சேரியா என்று கேட்டார். இல்லை என்றேன். பஸ் திரும்பி மெயின் ரோட்டில் ஏறி மறையும்வரை நின்றுவிட்டு, அடுத்த பஸ் எப்போது என்று விசாரிக்கப் போனேன்.